சுவரில் பிறந்த கொட்டை எழுத்து

ஐரோப்பிய அச்செழுத்துகள் நெடுங்காலம் நூலை மனத்திற்கொண்டே வார்க்கப்பட்டன. பெரிய எழுத்து தேவைப்பட்டால், அதே வடிவின் பெரிய அளவைக் கோத்துக்கொள்வதே வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் இந்நிலை மாறியது. லாட்டரிச் சீட்டு விற்போரும் நாடகக் கொட்டகையினரும் தெருச் சுவரில் இடத்துக்குப் போட்டியிட்டனர். நடந்து செல்பவரின் கண்ணைத் தொலைவிலிருந்தே நிறுத்தும் எழுத்து அவர்களுக்குத் தேவைப்பட்டது.

ராபர்ட் தார்ன் முதலிய வார்ப்பாளர்கள் முதலில் எழுத்தின் தடித்த கோடுகளை மட்டும் மேலும் பருக்கச் செய்தனர். மெல்லிய கோடுகள் மயிரிழையாகவே நின்றமையால் தொலைவில் அவை மறைந்துபோயின. வின்சென்ட் ஃபிகின்ஸ் 1815 எனத் தேதியிட்ட தம் மாதிரி நூலில் வேறொரு தீர்வை முன்வைத்தார். அதில் கோடுகள் யாவும் ஏறத்தாழ ஒரே பருமன் கொண்டிருந்தன. எழுத்தின் முனைகளில் அமையும் குறுக்குக் கோடுகளும் செங்கல் போலச் சதுரமாகத் தடித்தன. அவர் இதற்கு இட்ட பெயர் 'ஆன்டிக்'. நெப்போலியனின் 1798ஆம் ஆண்டுப் படையெடுப்பை ஒட்டி எழுந்த எகிப்து மோகத்தில், இவ்வகை எழுத்து விரைவில் 'எகிப்தியன்' ஆயிற்று. எகிப்தின் பட எழுத்துகளோடு இதற்கு எவ்வித உறவும் இல்லை.

பெரிய ஈய எழுத்துகள் கனமானவை, விலை மிகுந்தவை. 1827இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மர எழுத்துகளை இயந்திரத்தால் குடையத் தொடங்கினார். 1834இல் வில்லியம் லெவன்வொர்த் அதனுடன் பாண்டோகிராஃபை இணைத்தார். ஒரே மாதிரியிலிருந்து பல அளவுகளை வெட்டியெடுக்க முடிந்தது. மயிரிழைக் கோடு மரத்தில் எளிதில் முறியும். தடித்த கோடு தாங்கும். அதனால் இவ்வடிவமும் மரமும் ஒன்றுக்கொன்று பொருந்தின.

அறிஞர் சிலர் இவ்வெழுத்துகளை வெறுத்தனர். அச்சுக்கலை குறித்து 1825இல் தாம் வெளியிட்ட நூலில் டி.சி. ஹன்சார்டு இவற்றைக் கடுமையாகச் சாடினார். எனினும் இருபதே ஆண்டுகளில் அவை நூலுக்குள் நுழைந்தன. 1845இல் இலண்டன் ஃபான் தெரு வார்ப்பகத்தின் ராபர்ட் பெஸ்லி 'கிளாரண்டன்' எழுத்தைப் பதிவு செய்தார். அது எகிப்தியனைச் சற்றே மென்மையாக்கி, சாதாரண எழுத்தோடு ஒரே வரியில் நிற்குமாறு அமைத்த வடிவம். அகராதியின் தலைச்சொல் தனித்துத் தெரிய அது பெரிதும் உதவியது. சட்டப் பாதுகாப்பு மூன்றே ஆண்டுகள். அதன்பின் பிற வார்ப்பகங்களும் தாராளமாக நகலெடுத்தன.

அந்த வார்ப்பகம் முன்பு தார்னுக்கு உரியது. அவர் 1820இல் மறைந்தபின் அதை வாங்கிய வில்லியம் தரோகுட், லாட்டரியில் விழுந்த பணத்தைக் கொண்டே வாங்கினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இங்கிலாந்தின் அரசு லாட்டரி 1826இல் முடிவுக்கு வந்தது. அதன் சுவரொட்டிகளில் பழகிய தடித்த எழுத்தோ அகராதியில் நிலைபெற்றது.

எழுத்துருக்களின் வரலாற்றைச் சிறந்த நூல்களைக் கொண்டே எழுதுவது நம் வழக்கம். கொட்டை எழுத்தின் தொடக்கத்துக்கான சான்றுகளோ, குலுக்கல் முடிந்த மறுநாளே கிழித்தெறியப்பட்ட தாள்களில் இருந்தன. அவற்றுள் எஞ்சியவை சிலவே. அச்சு வரலாறு எழுதுவோர் நூலகத்தோடு நின்றுவிடாமல் அத்தாள்களையும் தேட வேண்டும்.