அலெக்ஸ் ஜோன்ஸ்

அலெக்சாண்டர் எமெரிக் ஜோன்ஸ் (பிறப்பு: 11 பிப்ரவரி 1974), அமெரிக்க ஐக்கிய நாடுகளின் டெக்ஸஸ் மாநிலத் தலைநகரான ஆஸ்டினில் இருந்துகொண்டு, முதலில் தொலைக்காட்சியையும் வானொலியையும் பின்னர் இணையத்தையும் தமக்கு மேடையாக்கி, உலக நடப்புகள் பலவும் ஒரு சிறு அதிகாரக் கூட்டத்தின் இரகசியச் சதியால் விளைபவையே என்று ஏறத்தாழ 30 ஆண்டுகளாகப் பிரசாரம் செய்துவருகின்ற தீவிர வலதுசாரி விமர்சகர். 1999-இல் 'இன்ஃபோவார்ஸ்' என்னும் இணைய ஒலிபரப்பைத் தோற்றுவித்தவர். சாண்டி ஹூக் பள்ளியில் கொலையுண்டோரின் குடும்பத்தினர் முதலியோர் தொடுத்த மான நஷ்ட வழக்குகளில் 140 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகை கொடுக்கக் கடமைப்பட்டவராகத் தீர்ப்புப் பெற்றவர் என்பதாலேயே இன்று அவர் பெயர் பெரிதும் அறியப்படுகிறது. அவரது வாழ்க்கை வரலாற்றை அபிப்பிராயங்களின் வரலாறாக மட்டும் எழுதுவோர் பாதியைத்தான் எழுதினவராவர். மறுபாதி, அச்சத்தை முதலாகப் போட்டு நடத்தப்பட்ட ஒரு கடையின் கணக்காகும்.

டாலஸ் நகரில் பல் வைத்தியர் ஒருவரின் மகனாகப் பிறந்த ஜோன்ஸ், அந்நகரை அடுத்த ராக்வாலில் பாலியத்தைக் கழித்து, குடும்பத்தோடு ஆஸ்டினுக்கு வந்து, 1993-இல் அங்கே பள்ளிப் படிப்பை முடித்தார். கல்லூரியில் சேர்ந்ததும் உண்டு, ஆயினும் பட்டம் பெறும்வரை தங்கவில்லை. அதே ஆண்டில், டெக்ஸஸின் வேக்கோ நகருக்கருகே 'பிராஞ்ச் டேவிடியன்' என்னும் மதக்குழுவினரின் இருப்பிடத்தை மத்திய சர்க்காரின் படையினர் 51 நாள் முற்றுகையிட்டிருக்க, ஏப்ரல் 19-ஆம் தேதி அது தீக்கிரையாகி, குழந்தைகள் உட்பட 70-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சர்க்கார் தன் பிரஜைகளையே கொல்லத் துணியும் என்ற எண்ணம் அவருக்கு மட்டுமன்றி அமெரிக்க வலதுசாரிகளில் ஒரு பெரும் பகுதியினருக்கும் அங்கே வேரூன்றிற்று. அதை வெறும் சித்தப் பிரமை என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. வேக்கோவில் அதிகாரிகள் நடந்துகொண்ட விதம் குறித்து நடுநிலையாளர்களும் கேள்வி எழுப்பியே இருக்கின்றனர். ஆனால் 1995-இல், அதே ஏப்ரல் 19-ஆம் தேதியன்று, ஓக்லஹோமா நகரத்துச் சர்க்கார் கட்டடத்தில் குண்டு வெடித்து 168 பேர் மாண்டபோது, விசாரணை யாரைச் சுட்டிற்று என்பதைப் பொருட்படுத்தாமல் அதையும் சர்க்காரின் கைவரிசை என்றே அவர் கூறத் தலைப்பட்டார். கேள்வியாக இருந்தது அப்பொழுதே ஆயத்த விடையாகிவிட்டது.

நகரவாசிகள் தாங்களே நிகழ்ச்சி நடத்துவதற்கென ஆஸ்டினில் ஒதுக்கப்பட்டிருந்த கேபிள் தொலைக்காட்சி அலைவரிசையில் தொடங்கிய அவரது பேச்சு, 1996-இல் கே.ஜே.எஃப்.கே. என்னும் வானொலி நிலையத்துக்கு ஏறிற்று. 1999-இல், எப்பொழுதும் ஒரே பொருளையே பேசுகிறார், விளம்பரதாரர் கிடைப்பதில்லை என்ற காரணத்தால் அந்நிலையம் அவரை விலக்கிவிட, அவர் தம் வீட்டிலிருந்தே இணைய வழியாக ஒலிபரப்பலானார். விளம்பரதாரரை நம்பி வாழ்பவன் விளம்பரதாரருக்கு அடங்கவேண்டும் என்ற பாடத்தை அவர் அன்று கற்றுக்கொண்டார் என்றே கொள்ளவேண்டும். பிற்காலத்தில் தம் சரக்கைத் தாமே விற்கத் துணிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

அவரது போக்கை ஒரே காட்சியில் அறிய விரும்புவோர் 2000-ஆம் ஆண்டு கோடையில் வட கலிபோர்னியாவில் நடந்ததை நோக்கலாம். செல்வர்களும் அரசியல்வாதிகளும் ஆண்டுதோறும் கூடுகின்ற 'பொஹீமியன் குரோவ்' என்னும் ரெட்வுட் மரத் தோப்புக்குள் இரகசியப் படக்கருவியுடன் நுழைந்த ஜோன்ஸ், பெரியதொரு ஆந்தைச் சிலையின் முன்னே அங்கி தரித்தோர் கவலையின் உருவம் ஒன்றைத் தீயிலிடும் சடங்கைப் படம்பிடித்து வந்து, புராதன நரபலி வழிபாடு ஒன்றைக் கண்டுவிட்டதாக முழங்கினார். அவரோடு அத்தோப்புக்குச் சென்ற பிரிட்டிஷ் பத்திரிகையாளர் ஜான் ரான்சன் கண்டதும் அதே சடங்குதான். ஆனால் அவர் கண்ணுக்கு அது, வயதேறிய கனவான்கள் கல்லூரி மாணவரைப்போல் நடத்திய கேளிக்கையாகவே பட்டது.

2001 செப்டம்பர் 11-ஆம் தேதி நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்த அன்றே, இது சர்க்கார் உள்ளிருந்து செய்த வேலை என்று அவர் அறிவித்தார். அவரது நிகழ்ச்சியை வாங்கி ஒலிபரப்பிவந்த நிலையங்கள் சில அவரைக் கைவிட்டன. ஆயினும் கேட்போர் தொகை பிற்பாடு பெருகவே செய்தது. அவர் கூற்றுகளில் பெரும்பாலானவை முழுப் பொய்யாகத் தொடங்குவதில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். அட்ரசீன் என்னும் களைக்கொல்லி ஆண் தவளைகளின் பால்தன்மையைப் பாதிப்பதாகப் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தின் டைரோன் ஹேய்ஸ் ஆராய்ந்து எழுதியிருந்தார். அந்த ஆராய்ச்சி, மக்களின் பால்விருப்பத்தையே மாற்றச் சர்க்கார் தண்ணீரில் இரசாயனம் கலக்கிறது என்ற கூச்சலாக ஜோன்ஸின் வாயிலிருந்து வெளிப்பட்டது. 2015-இல் தென்மேற்கு மாநிலங்களில் நடந்த 'ஜேட் ஹெல்ம்' என்னும் வழக்கமான இராணுவப் பயிற்சியை டெக்ஸஸைக் கைப்பற்றும் முன்னேற்பாடென்று அவரும் அவரைப் போன்றோரும் பரப்ப, மாநில ஆளுநர் கிரெக் அப்பட் அப்பயிற்சியைக் கண்காணிக்க மாநிலக் காவற்படைக்கு உத்தரவிடும் அளவுக்கு அது முற்றிற்று.

அச்சமூட்டும் பேச்சுக்கு இடையிடையே, ஆண்மை விருத்திக்கும் மூளைத் தெளிவுக்கும் என்று பெயரிட்ட துளி மருந்துகளும் மாத்திரைகளும், தண்ணீர் வடிகட்டிகளும், பேரழிவு நாட்களுக்கென அடைத்து வைத்த உணவுப் பொதிகளும் அவர் குரலிலேயே விலை கூறப்பட்டன. தண்ணீரில் நஞ்சு கலந்திருக்கிறது என்று சொல்லி முடித்த அதே மூச்சில் வடிகட்டி விற்பதற்கு வேறு விளம்பரம் தேவைப்படவில்லை. 2015 செப்டம்பரிலிருந்து 2018 இறுதிவரை அவரது இணையக் கடை 16 கோடி 50 லட்சம் டாலருக்கு மேல் விற்பனை செய்ததை நீதிமன்ற ஆவணங்கள் காட்டின. 2020-இல் பெருந்தொற்று பரவத் தொடங்கியபோது, தாம் விற்ற பற்பசையும் பிறவும் நோய்க்கிருமியைக் கொல்லும் என்று அவர் கூறியதை நிறுத்துமாறு நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் லெட்டீஷியா ஜேம்ஸ் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினார்.

2015 டிசம்பரில், குடியரசுக் கட்சி வேட்பாளராகப் போட்டியிட்டுக்கொண்டிருந்த டொனால்ட் டிரம்ப் அவர் நிகழ்ச்சியில் தோன்றி, அவரது கீர்த்தியைப் புகழ்ந்து பேசினார். தெருவோரத்தில் நின்று கூவியவருக்கு அரண்மனை வாயில் திறந்தது போலாயிற்று. 2016-இல், வாஷிங்டனில் ஒரு பீட்சாக் கடையில் குழந்தைகள் அடைத்து வைக்கப்பட்டிருப்பதாகக் கிளம்பிய கட்டுக்கதைக்கு அவரும் தூபம் போட்டார். அவ்வாண்டு டிசம்பரில் ஒருவன் துப்பாக்கியோடு அக்கடைக்குள் புகுந்து சுட்டபின், 2017 மார்ச்சில் கடைக்காரரிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அவ்வாண்டிலேயே, மணமுறிவுக்குப்பின் குழந்தைகளின் பொறுப்பு யாருக்கு என்ற வழக்கில், மேடையில் காணும் ஜோன்ஸ் ஒரு நடிகரின் வேஷமே என்று அவரது வக்கீல் வாதிட்டார். கேட்போரிடம் சத்தியம் என்று சொன்னதை நீதிபதியிடம் நாடகம் என்று சொல்வது சாமர்த்தியம்தான். ஆனால் அந்த வாதம் எல்லா வழக்குக்கும் பொருந்துவதாயில்லை.

அவ்வாறு பொருந்தாத வழக்கின் வேர் சில ஆண்டுகள் முந்தியது. 2012 டிசம்பர் 14-ஆம் தேதி கனெக்டிகட் மாநிலத்து நியூடவுன் ஊரிலுள்ள சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் இளைஞன் ஒருவன் புகுந்து, ஆறும் ஏழும் வயதான 20 குழந்தைகளையும் ஆசிரியர் முதலிய 6 பெரியவர்களையும் சுட்டுக் கொன்றான். துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்வதற்காகச் சர்க்கார் அரங்கேற்றிய நாடகமே அது என்றும், அழுத பெற்றோர் கூலிக்கு அமர்த்தப்பட்ட நடிகர் என்றும், யாருமே சாகவில்லை என்றும் ஜோன்ஸ் பல ஆண்டுகள் பேசிவந்தார். அவர் பேச்சைக் கேட்டவரில் சிலர் அப்பெற்றோரைத் தெருவில் வழிமறித்து வைதனர், கொலை மிரட்டல் விடுத்தனர். குழந்தை பிறந்ததற்கும் இறந்ததற்கும் அத்தாட்சி காட்டு என்று கேட்டனர். ஒரு குடும்பம் இருப்பிடத்தைப் பலமுறை மாற்றிக்கொண்டு அஞ்ஞாதவாசம்போல் வாழவேண்டியதாயிற்று.

2018-இல் அக்குடும்பங்கள் டெக்ஸஸிலும் கனெக்டிகட்டிலும் வழக்குத் தொடுத்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் ஆப்பிள், ஃபேஸ்புக், யூடியூப் ஆகியனவும், செப்டம்பரில் ட்விட்டரும் வெறுப்புப் பேச்சு முதலிய காரணங்களைக் கூறி அவரை நீக்கின. (ஈலான் மஸ்க் கைக்கு மாறிய ட்விட்டர், எக்ஸ் என்ற புதுப் பெயரில் 2023 டிசம்பரில் அவரை மீண்டும் சேர்த்துக்கொண்டது.) பேச்சுரிமைக்காகத் தாம் தண்டிக்கப்பட்டதாக அவர் சொல்லிவருவது பலரும் நம்புகிற ஒன்றாதலால், வழக்கு நடந்த விதத்தைச் சற்று விரித்துரைப்பது தகும். பேச்சுரிமை வாதத்தை விசாரணையில் முன்வைக்க அவருக்கு வாய்ப்பிருந்தது. எதிர்த்தரப்பு கேட்ட கணக்குகளையும் கடிதங்களையும் ஒப்படைக்குமாறு நீதிமன்றங்கள் திரும்பத் திரும்ப ஆணையிட்டும் அவர் இணங்காமையால், 2021-இல் டெக்ஸஸில் மாயா கெரா கேம்பிள், கனெக்டிகட்டில் பார்பரா பெல்லிஸ் ஆகிய நீதிபதிகள் அவரை வாதமின்றியே பொறுப்பாளி என அறிவித்தனர். ஜூரிகளுக்கு எஞ்சியது தொகையை நிர்ணயிக்கும் வேலையே.

2022 ஆகஸ்டில் ஆஸ்டினில் நடந்த விசாரணையில் ஜோன்ஸ் கூண்டில் நிற்கையில், அவருடைய கைப்பேசியின் இரண்டாண்டுச் செய்திகள் முழுவதையும் அவரது வக்கீல்களே தவறுதலாகத் தமக்கு அனுப்பிவிட்டதாக எதிர்த்தரப்பு வக்கீல் மார்க் பேங்க்ஸ்டன் அறிவித்தார். சாண்டி ஹூக் பற்றித் தம்மிடம் செய்தி எதுவும் இல்லை என்று முன்னர்ப் பிரமாணத்தின்மேல் கூறியிருந்தவருக்கு அது பேரிடியாயிற்று. படுகொலை நூற்றுக்கு நூறு உண்மையே என்று அவ்விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டார். டெக்ஸஸ் ஜூரி 4 கோடி 93 லட்சம் டாலர் விதித்தது. அக்டோபரில் கனெக்டிகட்டின் வாட்டர்பரி நகரத்து ஜூரி 96 கோடி 50 லட்சம் விதிக்க, அதன்மேல் நீதிபதி பெல்லிஸ் 47 கோடி 30 லட்சத்தைத் தண்டனைத் தொகையாகச் சேர்த்தார்.

இவ்வழக்குகள் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, 2021 ஜனவரி 6-ஆம் தேதி டிரம்பின் ஆதரவாளர் நாடாளுமன்றத்துள் புகுவதற்கு முதல்நாள் மாலையில் கூட்டத்தைத் தூண்டிப் பேசியவர்களில் ஜோன்ஸும் ஒருவர்; அதை விசாரித்த நாடாளுமன்றக் குழுவின் முன் ஏறத்தாழ நூறு கேள்விகளுக்கு வாய்திறக்க மறுத்தார், அதன்பொருட்டு அவர்மேல் குற்ற வழக்கு ஏதும் தொடரப்படவில்லை.

சாண்டி ஹூக் தீர்ப்புகளையடுத்து, 2022 டிசம்பரில் அவர் மஞ்சள் கடுதாசி கொடுத்தார். ஆனால் வேண்டுமென்றே தீங்கிழைத்ததனால் விளைந்த கடன் திவாலினால் நீங்காது என்ற விதியின்படி, தீர்ப்புத் தொகையில் 110 கோடிக்கும் மேற்பட்ட பகுதி அவரைவிட்டு அகலாது என 2023-இல் ஹூஸ்டன் திவால் நீதிபதி கிறிஸ்டோபர் லோபஸ் கூறிவிட்டார்; 2024 ஜூனில் சொந்த ஆஸ்திகளை விற்கவும் ஆணையிட்டார். அவ்வாண்டு நவம்பரில் இன்ஃபோவார்ஸை ஏலத்தில் எடுத்தது 'தி ஆனியன்' என்னும் நையாண்டிப் பத்திரிகை என்ற அறிவிப்பு நாட்டையே நகைக்க வைத்தது. ஏல நடைமுறை சரியில்லை என்று டிசம்பரில் லோபஸ் அவ்விற்பனையை ஏற்க மறுக்க, ஜோன்ஸ் தொடர்ந்து ஒலிபரப்பிவந்தார். அதே மாதத்தில் கனெக்டிகட் மேல்முறையீட்டு மன்றம் 15 கோடியை மட்டும் தள்ளிவிட்டு எஞ்சிய தீர்ப்பை உறுதி செய்தது. 2025 அக்டோபரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவரது முறையீட்டைக் காரணம் கூறாமலே தள்ளுபடி செய்தது.