சிலாபக் கரையில் வால்வு வானொலி: வோல்ற்றளவு கூறும் வரலாறு

வரலாற்றுச் சான்று என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் ஏட்டுச்சுவடியுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் சமூக வரலாற்றை ஆராயப் புகுவோர்க்கு அன்றாடப் புழங்குபொருள்களும் சான்றுகளேயாம். அவற்றுள் வால்வு வானொலி தனித்து நோக்கற்பாலது. ஒரு பெட்டி எவ்வோல்ற்றளவில் இயங்கியது என்பதைக் கொண்டு, அது எத்தகைய வீட்டிற்கென ஆக்கப்பட்டது என்பதை உணரலாம். சிலாபம் போன்ற கரையோரப் பகுதிகளின் வரலாற்றுக்கு இச்சான்று பெரிதும் பயன்படும்.

தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பரின் முயற்சியால் 1925 டிசெம்பர் 16 அன்று கொழும்பில் முறையான ஒலிபரப்புத் தொடங்கிற்று. தென்கிழக்காசியப் படைத்தலைமையின் வானொலி நிலையம் 1949 இல் இலங்கை அரசிடம் வந்துசேர, இலங்கை வானொலி உருப்பெற்றது. புகையிரதம் 1916 இல் சிலாபத்தை அடைந்தது. அதற்குத் தண்டவாளம் வேண்டியிருந்தது. மின்சாரத்திற்குக் கம்பி வேண்டும். வானொலி அலைக்கோ இவ்விரண்டும் வேண்டா. இலட்சபான நீர்மின் நிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கிய பின்னரும் கம்பி எட்டாத கிராமங்கள் இலங்கையில் பலவாயின. ஆகவே அங்கெல்லாம் ஒலி முந்தியது, மின்சாரம் பிந்தியது.

இவ்விடைவெளியை நிரப்பியவை மின்கலப் பெட்டிகளாம். அவற்றின் வால்விழைகளுக்கு 1.4 வோல்ற்றும் அனோட்டுகளுக்கு ஏறத்தாழ 90 வோல்ற்றும் தேவைப்பட்டன. நகரங்களில் விற்பனையான பெட்டிகளோ 230 வோல்ற்று ஆடலோட்டத்தை நிலைமாற்றியால் மாற்றி, இழைகளுக்கு 6.3 வோல்ற்றும், சீராக்கியின் வழியே அனோட்டுகளுக்கு ஏறத்தாழ 250 வோல்ற்று நேரோட்டமும் வழங்கின. மின்கலப் பெட்டியொன்றை இன்று புதுப்பிப்போர் அதனுள் நிலைமாற்றியை நிலையாகப் பொருத்திவிடின், பெட்டி பாடும். ஆனால் மின்சாரமற்ற வீட்டின் சான்று அழிந்துபோம்.

பழைய பெட்டிகளில் அனோட்டு வோல்ற்றளவு குறைந்திருத்தல் பொதுவான கோளாறு. பலர் உடனே சீராக்கி வால்வைக் குறைகூறுவர். அதுவும் காரணமாதல் கூடும். வடிகட்டும் கொள்ளளவி உலர்ந்துபோயிருத்தலும் கூடும். பின்னதாயின் இரைச்சலும் உடன் எழும். எனினும் மறைந்து நிற்கும் காரணம் வேறொன்று. இறுதி வால்வின் நெய்யரியோடு முந்திய வால்வின் அனோட்டை இணைக்கும் கடதாசிக் கொள்ளளவி, ஈரம் புகுந்து கசியத் தொடங்கினால், நெய்யரி நேரேற்றம் பெறும், வால்வு அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டத்தை இழுக்கும், வழங்கல் தளரும். ஈஎல்84 வால்வின் கதோட்டில் வழமையாக ஏறத்தாழ 7 வோல்ற்று காணப்படும். அது பெரிதும் உயர்ந்திருப்பின் கசிவை ஐயுறலாம். இதனை ஆராயாது சீராக்கியை மாற்றினால் புதியதும் விரைவிற் கெடும். உப்புக்காற்று வீசும் கரையில் ஈரக்கசிவை முதலில் ஐயுறுவதே அறிவுடைமை.

மூலங்களை மதிப்பிடும் முறையும் ஈண்டுப் புலனாகிறது. தயாரிப்பாளரின் பழைய பழுதுபார்ப்பேடுகளில் ஒவ்வொரு முனைக்கும் வோல்ற்றளவு தரப்பட்டிருக்கும். அவ்வெண்கள் அக்கால முள்மானியால் அளக்கப்பட்டவை. அம்மானி தானே சிறிது மின்னோட்டத்தை இழுப்பதால், உயர்தடையுள்ள முனைகளில் உண்மையினும் குறைவாகவே காட்டும். இன்றைய எண்மானி அவ்வளவு இழுப்பதில்லை. அதனாற் கூடுதலாகக் காட்டும். இவ்வேறுபாட்டைக் கோளாறெனக் கொள்வது, கூறியவர் யார், எந்நிலையிற் கூறினார் என ஆராயாது ஆவணத்தை ஏற்பதை ஒக்கும்.

சிலாபத்திற்குத் தெற்கே, இரணவிலயில் இயங்கிய அமெரிக்காவின் குரல் அஞ்சல் நிலையம் 2016 இல் மூடப்பட்டது. சிற்றலைக் காலத்திற்கு இனி எஞ்சும் சாட்சிகள் வீடுகளிற் கிடக்கும் பெட்டிகளே. ஆதலின், புதுப்பிக்கப் புகுவோர் முதலில் உள்ளமைப்பைப் படம்பிடித்துக் குறிப்பெழுதுக. வடிகட்டும் கொள்ளளவிகளில் எஞ்சிய ஏற்றத்தைத் தடை வழியே போக்கிய பின்னரே கைவைக்குக. கழற்றிய உறுப்புகளை எறியாது பெட்டியோடு பேணுக. பெட்டி மீண்டும் பாடுவதோடு, அது பிறந்த காலத்தையும் நமக்கு உரைத்தல் வேண்டும்.