பட்டப்பெயரும் எண்ணும்

காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய பல்லவன் ராஜசிம்மன், தன் பட்டப்பெயர்கள் 200-க்கும் மேல் அங்கே பொறிக்க வைத்தான். 'இரண்டாம் நரசிம்மவர்மன்' என்ற எண் மட்டும் அவன் வைத்ததல்ல. ஒரே பெயரில் இரண்டு மன்னர்கள் இருந்ததால், பிரித்தறிய வரலாற்றாசிரியர்கள் பிற்காலத்தில் போட்டது.

விண்டோஸில் எண்ணே பட்டப்பெயராகிவிட்டது. 2009-இல் வந்த 'விண்டோஸ் 7' உள்ளுக்குள் 6.1. விஸ்டா 6.0 அல்லவா? முதல் எண்ணை மாத்தினா, அதைச் சோதித்துப் பார்க்கும் பழைய மென்பொருள்கள் ஓடாமல் போகும் என்பதே காரணம். 2021-இல் வந்த விண்டோஸ் 11-உம் உள்ளே 10.0 தான், பில்ட் எண் 22000 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் அது 11.

நிரல் எழுதும் நான் பெட்டியில் இருக்கும் பெயரை நம்புவதில்லை. எந்தப் பாதுகாப்புத் திருத்தம் எந்த மெஷினுக்குப் போகணும்னு உள்ளே இருக்கும் எண்தான் சொல்லும். தவறிப்போனால் ஓட்டை திறந்தே கிடக்கும். பட்டப்பெயர் அரசனுக்கு; எண், பின்னால் வந்து பராமரிப்பவனுக்கு.