பிறப்பும் விருப்பும்: திருவையாறு காட்டும் ஒரு வரலாறு

பஸராவிலும் பக்தாதிலும் நம் முன்னோர் நெடுங்காலம் வாதிட்ட வினா ஒன்றுண்டு. மனிதனுக்குச் சுயவிருப்பம் என்பதே இல்லை என்றனர் ஜபரிய்யாக்கள். அவன் செயலுக்கு அவனே கர்த்தா என்றனர் கதரிய்யாக்கள். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த இமாம் அபுல் ஹஸன் அல் அஷ்அரீ, செயலைப் படைப்பவன் இறைவன், அதைத் தனதாக்கிக் கொள்பவன் மனிதன் என விளக்கி, ‘கஸ்பு’ என்னும் கொள்கையை வகுத்தார். கிதாபுகளில் படிக்கும் இவ்வினாவை ஒரு வாழ்க்கையில் வைத்துப் பார்க்கத் தஞ்சைத் தரணியிலேயே வரலாறு இருக்கிறது. சகோதர சமயத்தாரின் வரலாறுதான். ஆயினும் வினா எல்லோர்க்கும் பொது.

தியாகையர் 1847 ஜனவரியில் திருவையாற்றில் மறைந்தார். சரபோஜி மன்னரின் அவை அழைத்தும் செல்லாது, உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்தவர் என்பர். அது அவருடைய தேர்வு, ஐயமில்லை. ஆனால் வீதியில் பாடிவரும் அந்தணருக்கு அரிசி இடுவதைப் புண்ணியமாகக் கருதிய சமூகமும், காவிரி விளைவித்த நெல்லும் இல்லையேல் அத்தேர்வு எத்தனை நாள் நிலைத்திருக்கும்?

பெங்களூர் நாகரத்தினம்மாளுக்கு அந்த வசதி இல்லை. அவர் 1878-இல் தேவதாசி மரபில் பிறந்தவர். இசையும் வடமொழியும் தெலுங்கும் அவருக்குக் கிட்டியது அப்பிறப்பினால்தான். அக்காலத்துக் குடும்பப் பெண்கள் பலர் எழுத்தறியாது வாழ்ந்தனர். தியாகையரின் கீர்த்தனைகளை அவரிடம் கொண்டு சேர்த்த அதே பிறப்பு, தியாகையரின் சமாதி முன் பாட விடாமல் அவரைத் தடுக்கவும் செய்தது.

சமாதி சிதைந்து கிடக்கும் செய்தியைத் தம் ஆசிரியர் பிடாரம் கிருஷ்ணப்பா வாயிலாக அறிந்த அம்மையார், தம் சேமிப்பையும் நகைகளையும் செலவிட்டு அங்கே ஆலயம் எழுப்பினார். 1921-இல் தொடங்கிய திருப்பணி 1925-இல் நிறைவுற்றது. ஆராதனை நடத்திவந்த பெரிய கட்சி, சின்ன கட்சி இரண்டும் தம்முள் பிணங்கின. பெண்கள் பாடலாகாது என்பதில் மட்டும் ஒற்றுமை! கட்டிக் கொடுத்தவருக்கே இடமில்லை. மனம் கசந்து விலகியிருந்தால் யாரும் குறை கூறியிரார். அவரோ 1927 முதல் பெண்களைத் திரட்டி, தனியே ஆராதனை நடத்தினார். 1940-ஐயொட்டி மூன்று கட்சிகளும் ஒன்றாயின.

இவ்விடத்தில் இன்னொருவரையும் நினைக்க வேண்டும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் (1883–1962) இதே டெல்டாவில், இதே மரபில் வளர்ந்தவர். அவர் கோயிலைத் துறந்து பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தில் சேர்ந்தார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். 1947-இல் அதைத் தடை செய்து சட்டமும் வந்தது. சூழ்நிலையே மனிதனை ஆக்குகிறது என்பது முழு உண்மையானால், ஒரே குலமும் ஒரே காலமும் இவ்விரு பெண்களையும் எதிரெதிர்த் திசையில் அனுப்பியது எங்ஙனம்? இருவர் முன்னும் கிடந்த கதவுகள் மிகச் சில. அவை அவர்கள் செய்தவை அல்ல. எந்தக் கதவைத் தட்டுவது என்பதை மட்டும் அவர்களே முடிவு செய்தனர். ஜபரிய்யாக்களிடம் இதற்கு விடை கிடைக்காது. கதவுகள் ஏன் அத்தனை குறைவு என்று கேட்டால் கதரிய்யாக்களும் திகைப்பர்.

நாகரத்தினம்மாள் 1949-இல் எழுதிய உயிலில், தேவதாசிகள் உட்படப் பெண்கள் அனைவரும் அச்சமாதியில் தடையின்றி வழிபட வேண்டுமென்று நிபந்தனை விதித்தார். 1952 மே மாதம் திருவையாற்றிலேயே காலமானார். தியாகையரின் சமாதியை நோக்கி அமர்ந்த கோலத்தில் அவருடைய சிலை காவிரிக் கரையில் இருக்கிறது.