பிரேக்டவுன் வண்டி எங்கே? – ஒரு பழைய நோட்டும் சில குறிப்புகளும்

போன மாசம் கொமரலிங்கம் போயிருந்தபோது மாமா வீட்டுப் பரணில் இருந்து ஒரு நீள நோட்டு கிடைத்தது. மாமா அரசு பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ரிட்டயர் ஆனவர். பல வருஷம் பிரேக்டவுன் வண்டியில்தான் வேலை. வழியில் பஸ் நின்றுபோனால் ஜாக்கி, டூல்ஸ், டயர், ஸ்பிரிங் பட்டை எல்லாம் ஏற்றிக்கொண்டு போகிற வேன் அது. டிப்போவில் அதற்கென்று லாக் புக் உண்டு. ஆனால் மாமா தனியாக ஒரு நோட்டும் வைத்திருந்தார்.

அதில் கோடு போட்டு ஐந்து காலம். பஸ் நின்ற இடம், தகவல் வந்த நேரம், யார் சொன்னது, நாங்க போய்ச் சேர்ந்த நேரம், என்ன கோளாறு.

என்னை நிறுத்தியது மூன்றாவது காலம்தான். "எதிர் வண்டி கண்டக்டர்", "மில் வாட்ச்மேன் போன்", "பால் வண்டிக்காரர்", "மடத்துக்குளம் டீக்கடை". ஒரு வரியில் வெறும் "பழனி போற பாட்டி" என்று இருந்தது.

"இதெல்லாம் எதுக்கு மாமா எழுதி வெச்சீங்க?"

"யாரு சொன்னாங்கன்னு தெரிஞ்சாத்தான மாப்ள, எவ்வளவு நேரத்துக்கு முந்தி நின்ன வண்டின்னு கணக்குப் போட முடியும்? பால் வண்டிக்காரரு சொன்னா அரை மணி நேரம் பழசு. எதிர் வண்டி கண்டக்டர் சொன்னா ஒரு மணி நேரங்கூட ஆயிருக்கும். அதுக்குத் தகுந்த மாதிரி ஜனங்க கோவமா இருப்பாங்க, பாத்துக்க."

பத்து வருஷத்துக்கும் மேலாக வாகனக் கண்காணிப்பு மென்பொருளில் வேலை பார்த்தவன் நான். மாமா ரெண்டு வரியில் சொன்ன விஷயத்துக்கு எங்க தொழிலில் பெரிய பெரிய பெயர்கள் உண்டு. இந்தக் கட்டுரை அந்த நோட்டில் இருந்து தொடங்கியதுதான்.

நம்ம ரோட்டில் இருந்தே ஆரம்பிக்கலாம்

ஜி.டி.நாயுடு 1920ல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, தானே ஓட்டி, தொழிலைத் தொடங்கியது பொள்ளாச்சி–பழனி ரோட்டில். உடுமலை, மடத்துக்குளம் வழியாகப் போகிற அதே ரோடுதான். எங்க ஊர் அதில் இருந்து கொஞ்சம் தெற்கே, அமராவதிக் கரையில் இருக்கிறது. ஒரே பஸ், ஓட்டுகிறவரே முதலாளி என்று இருக்கும்போது "வண்டி எங்கே" என்ற கேள்விக்கே இடமில்லை. முதலாளி எங்கேயோ வண்டியும் அங்கேதான். ரிப்பேர் ஆனாலும் அவரேதான் கீழே படுத்துப் பார்க்க வேண்டும்.

அந்த ஒரு பஸ் வளர்ந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஆனது. 1931ல் பொள்ளாச்சியில் நாச்சிமுத்து கவுண்டர் ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட்டைத் தொடங்கினார். வண்டிகள் பெருகப் பெருக, முதலாளி ஒரு இடத்தில் இருப்பார், வண்டி இன்னொரு இடத்தில் இருக்கும் என்ற நிலை வந்தது. 1939ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் பயணிகள் பஸ்ஸுக்கு ரூட் பெர்மிட் முறையைக் கொண்டுவந்தது. ரூட்டோடு டைமிங்கும் சேர்ந்து வந்தது. எந்த ஸ்டாண்டில் எத்தனை மணிக்கு என்று காகிதத்தில் எழுதியாகிவிட்டால், அது நடக்கிறதா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். டைம் கீப்பர் அப்படி வந்தவர்தான்.

1972 மார்ச்சில் கோவையைத் தலைமையிடமாகக் கொண்டு சேரன் போக்குவரத்துக் கழகம் உருவானது. அந்த வருஷம் தொடங்கிப் பல்லவன், பாண்டியன், சோழன் என்று வரிசையாக வந்த கழகங்களில் அதுவும் ஒன்று. 1997ல் இந்தப் பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டுத் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று பொதுவாக வைத்தார்கள். பெயர்தான் மாறியது. டிரிப் ஷீட்டும், பஸ் ஸ்டாண்டு மூலையில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த டைம் கீப்பரும் அப்படியே இருந்தார்கள்.

டைம் கீப்பர் நோட்டை ஒரு டேட்டாபேஸ் மாதிரி நினைத்துப் பாருங்கள். வண்டி நம்பர், ரூட், வந்த நேரம், கிளம்பிய நேரம். உடுமலையில் 5.10க்குக் கிளம்பிய வண்டி 6 மணி ஆகியும் வரவில்லை என்றால், நடுவில் என்னமோ ஆகிவிட்டது என்று மட்டும் தெரியும். எங்கே, என்ன ஆச்சு என்று தெரியாது. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள்தான் மாமா நோட்டின் மூன்றாவது காலத்தில் வருகிற பால் வண்டிக்காரரும் டீக்கடைக்காரரும். கழகத்தின் சம்பளப் பட்டியலில் அவர்கள் பெயர் இருந்ததே இல்லை.

வானத்தில் இருந்து வந்த டைம் கீப்பர்

இதே கேள்வியோடு வெளிநாட்டுக்காரர்களும் மல்லுக்கட்டி இருக்கிறார்கள். 1950களின் கடைசியில் லண்டன் டிரான்ஸ்போர்ட் ஒரு சோதனை செய்தது. பஸ்ஸின் பக்கவாட்டில் ஒளியைத் திருப்பி அனுப்பும் குறியீட்டுப் பலகை. ரோட்டோரம் அதைப் படிக்கும் கருவி. இந்த நம்பர் வண்டி இந்த இடத்தைத் தாண்டியது என்று கன்ட்ரோல் ரூமுக்குத் தகவல் போகும். சொல்லப்போனால், ஆள் இல்லாத டைம் கீப்பர்தான். குறையும் அதேதான். ரெண்டு கருவிகளுக்கு நடுவே வண்டி நின்றால் தெரியாது.

அமெரிக்க ராணுவத்தின் ஜிபிஎஸ் திட்டம் 1973ல் தொடங்கியது. முதல் செயற்கைக்கோள் 1978ல் போனது. 1983ல் சோவியத் எல்லைக்குள் வழிதவறிப் போன கொரிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்ட பிறகு, தயாரானதும் பொதுமக்களும் இதைப் பயன்படுத்தலாம் என்று ரீகன் அறிவித்தார். ஆனாலும் 2000 மே மாதம் வரை, பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழை சேர்த்து அனுப்பினார்கள். சுமார் 100 மீட்டர் வரை தப்பாகக் காட்டும். கிளின்டன் அதை நிறுத்தச் சொன்ன பிறகுதான் பத்து, இருபது மீட்டருக்குள் சரியாக வந்தது. 100 மீட்டர் என்றால் வண்டி மெயின் ரோட்டில் நிற்கிறதா, வாய்க்கால் மேட்டு ரோட்டில் நிற்கிறதா என்பதே குழம்பிவிடும்.

அந்தப் பிழையோடே 1990களில் அமெரிக்காவின் டென்வர் நகரப் போக்குவரத்து நிறுவனம் தன் பஸ்களில் ஜிபிஎஸ் பொருத்தியது. பஸ்ஸோடு நிற்காமல் சூப்பர்வைசர் வண்டிகள், பராமரிப்பு வண்டிகளிலும் பொருத்தினார்கள். நியாயம்தானே? நின்றுபோன பஸ் எங்கே என்று தெரிந்து, அதைச் சரிசெய்யப் போகிறவன் எங்கே என்று தெரியாவிட்டால் பாதிக் கணக்குதான் முடிந்தது.

நம்ம பக்கம் 2012ல் மைசூரு. கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகம் சுமார் 500 பஸ்களில் கருவி வைத்து, நிறுத்தங்களில் வருகை நேரம் காட்டியது. 2016ல் பெங்களூரு. 2022ல் சென்னை மாநகர் பஸ்களை மொபைலில் பார்க்க ஆப் வந்தது. இதற்கு நடுவில் நடந்த இன்னொன்று முக்கியம். 2012 டிசம்பரில் டெல்லி பஸ்ஸில் நடந்த கொடுமைக்குப் பிறகுதான், பயணிகள் வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவியும் ஆபத்து நேரப் பொத்தானும் வேண்டும் என்ற பேச்சு வேகம் பிடித்தது. ஏஐஎஸ்-140 என்று ஒரு தரநிலை வகுத்தார்கள். 2019 ஜனவரி முதல் புதிதாகப் பதிவாகும் பொதுப் பயணிகள் வாகனங்களுக்கு அது கட்டாயம். நம்ம நாட்டு நாவிக் செயற்கைக்கோள்களுக்கும் அதில் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

கவனியுங்கள், விதி சொல்வது பயணிகளை ஏற்றும் வாகனங்களை. பிரேக்டவுன் வேன் யாரிடமும் டிக்கெட் வாங்குவதில்லை. அதனால் அது இந்தக் கணக்கில் வராது.

நான் எழுதிய ஒரு ரிப்போர்ட்

இனிமேல் சொல்லப்போவது என் சொந்தக் கதை. ஊர், பேர் வேண்டாம். வேறு மாநிலத்தில் ஒரு போக்குவரத்து நிறுவனம். அவர்களுடைய பிரேக்டவுன் வேன், டீசல் வண்டி, செக்கிங் ஜீப் எல்லாவற்றிலும் கருவி பொருத்துகிற வேலை எங்க கம்பெனிக்கு வந்தது. டீமில் நானும் ஒருவன்.

முதலில் செய்தது, "பக்கத்தில் இருக்கும் வேன் எது" என்று காட்டும் திரை. நேர்கோட்டுத் தூரத்தை வைத்துக் கணக்கிட்டோம். அமராவதிக்கு இந்தக் கரையில் பஸ், அந்தக் கரையில் வேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர்கோட்டில் ரொம்பப் பக்கம். பாலம் சுற்றி வந்தால்தான் தெரியும். அந்த ஊரிலும் ஒரு ஆறு இருந்தது. முதல் வாரத்திலேயே மானம் போனது. ரோட்டுத் தூரமாக மாற்றினோம். அதற்குப் பிறகும் அங்கிருந்த ஒரு பழைய போர்மேன் திருப்தி ஆகவில்லை. "பக்கத்துல இருக்குற வேனை வெச்சு நான் என்ன பண்ணட்டும்? ஆக்சில் உடைஞ்ச வண்டிக்கு ஆக்சில் இருக்குற வேன் வேணும்" என்ற அர்த்தத்தில் அவர் மொழியில் சொன்னார். எங்க மேப்பில் வேன் ஒரு பச்சைப் புள்ளி. உள்ளே என்ன இருக்கிறது என்று புள்ளிக்குத் தெரியாது.

இதெல்லாம் சரிசெய்யக்கூடிய தப்புகள். சரிசெய்தோம். அடுத்தது அப்படி இல்லை.

மேலதிகாரிகள் கேட்ட முதல் ரிப்போர்ட், பஸ் நின்று எத்தனை நிமிஷத்தில் வேன் போய்ச் சேர்ந்தது என்பது இல்லை. எந்த வேன் எங்கே எவ்வளவு நேரம் சும்மா நின்றது என்பதுதான். லாரிகளுக்காக எழுதி வைத்திருந்த குவெரி ஒன்று தயாராக இருந்தது. 20 நிமிஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் நின்றால் சிவப்பு. அதை அப்படியே எடுத்து வேனுக்குப் போட்டேன். ஒரு மணி நேர வேலை.

ரெண்டு வாரம் கழித்து ஒரு மெக்கானிக்குக்கு மெமோ போனது. ஊருக்கு வெளியே 50 நிமிஷத்துக்கு மேல் வேன் நின்றதற்கு விளக்கம் கேட்டு. அவர் அந்த நேரம் முழுக்க ஒரு பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்திருக்கிறார். அந்த பஸ்ஸின் கருவி வேலை செய்யவில்லை, அதனால் மேப்பில் பஸ்ஸே இல்லை. நடுரோட்டில் தனியாக ஒரு வேன் நிற்பதுதான் தெரிந்தது.

பஸ்ஸுக்கும் லாரிக்கும் ஓடுவதுதான் வேலை. பிரேக்டவுன் வேனுக்கு நிற்பதுதான் வேலை. இந்த ஒரு வித்தியாசம் எனக்குத் தோன்றவில்லை. மாமாவோடு சின்ன வயசில் வேனில் ஏறிப் போயிருக்கிறேன், ரோட்டோரம் வேனின் நிழலில் உட்கார்ந்து அவர் வேலை பார்ப்பதைப் பார்த்திருக்கிறேன். இருந்தும் தோன்றவில்லை.

அப்புறம் திருத்தினேன். கோளாறுச் சீட்டின் நம்பரோடு வேனின் நேரத்தைச் சேர்த்தால் போதும், வேலை எது, ஓய்வு எது என்று பிரிந்துவிடும். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குள் அந்த டிப்போவில் சில வேன்களின் ஆன்டெனா மேல் அலுமினியத் தாள் சுற்றியிருந்தது. ஒரு வேனில் பியூஸ் அடிக்கடி "தானாகவே" போனது. அதிகாரிகள் ஜீப்புகளில் கருவி பொருத்துவது "அடுத்த கட்டம்" என்று தள்ளிப்போனது. நான் அந்தத் திட்டத்தில் இருந்தவரை அந்தக் கட்டம் வரவில்லை.

ஆனால் இதே தொழில்நுட்பம் மதிப்போடு நடப்பதையும் பார்க்கிறோம். 2008ல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. ஆம்புலன்ஸ் எங்கே என்று பார்ப்பது, அடுத்த அழைப்புக்கு யாரை அனுப்பலாம் என்பதற்காக. அது ஒரு வீட்டு வாசலில் அரை மணி நேரம் நின்றால் சும்மா நின்றதாக யாரும் நினைக்க மாட்டார்கள். புள்ளி அதே புள்ளிதான். அதைப் பார்க்கிறவர் என்ன கேள்வியோடு பார்க்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மூன்றாவது காலம்

திரையில் நகரும் புள்ளியைப் பார்த்து "இப்போ இங்கே இருக்கிறது" என்கிறோம். உண்மையில் அது கடைசியாகத் தகவல் வந்தபோது இருந்த இடம். டவர் கிடைக்காத இடத்தில் கருவி தகவலைச் சேர்த்துவைத்து, டவர் கிடைத்ததும் மொத்தமாக அனுப்பும். அதுவரை புள்ளி பழைய இடத்திலேயே நிற்கும். டைம் கீப்பர் நோட்டு சொன்னதும் கடைசியாக எங்கே பார்த்தோம் என்பதைத்தான். ஒரு மணி நேரப் பழசு பத்து நொடிப் பழசாகச் சுருங்கியிருக்கிறது. அது சின்ன விஷயம் இல்லைதான். ராத்திரி கடைசி பஸ்ஸுக்குக் கொமரலிங்கத்தில் காத்திருக்கிற ஒரு பெண்ணுக்கு, மில் ஷிப்டு முடிந்து வருகிறவருக்கு, அது பெரிய விஷயம்.

ஆனால் பழசு எவ்வளவு பழசு என்று மாமாவுக்குத் தெரிந்திருந்தது. அதற்குத்தான் "யார் சொன்னது" என்று எழுதினார். எங்க டேபிளில் அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம், இன்ஜின் ஓடுகிறதா என்று பதினாலு காலம் இருந்தது. அந்த ஒரு காலம் இல்லை.

நான் எழுதிய ரிப்போர்ட்டைப் பற்றி மாமாவிடம் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அந்த ஆளுக்கு இன்கிரிமென்ட் கட் ஆச்சா?"

"தெரியல மாமா."

"விசாரிச்சிருக்கலாம்ல" என்றார். நோட்டை வாங்கித் துடைத்து, திரும்பப் பரணில் வைக்காமல் என் பையிலேயே வைத்துவிட்டார்.