ஈரத் துணியின் கணக்கு

குழந்தைக்குத் துணி கட்டினால் காசு மிச்சம் என்கிறார்கள். யாருடைய உழைப்பில் மிச்சம் என்று வரலாற்றைத்தான் கேட்க வேண்டும்.

நம் வீடுகளில் இதற்கென்று துணி வாங்கியதில்லை. நைந்த வேட்டியையும் பழம்புடவையையும் கிழித்து, முக்கோணமாய் மடித்துக் கட்டினார்கள். அலசியவள் தாய் அல்லது பாட்டி. பிள்ளை பெற்ற வீட்டுத் தீட்டுத் துணியை வெளுக்கும் வேலையை ஊர் வண்ணார் பெண்கள்மீது சுமத்தியது. கூலி பெரும்பாலும் தானியமும் சோறும்தான்.

அமெரிக்காவிலும் துவைத்தவள் பெண்ணே. 1946இல் மரியன் டொனோவன் என்ற தாய், குளியலறைத் திரைச்சீலையை வெட்டி, துணிக்கு மேல் போடும் ஈரம் கசியாத உறையைத் தைத்தார். 1951இல் காப்புரிமை பெற்றார். தூக்கியெறியும் காகித டயப்பர் பற்றிய அவரது யோசனையை ஆலை முதலாளிகள் ஏற்கவில்லை. 1961இல் பிராக்டர் அண்டு கேம்பிள் பேம்பர்ஸைக் கொண்டுவந்தது.

என் மகளுக்கு நான் துணியே கட்டினேன். தொகுப்பூதியத்தில் டயப்பருக்கு இடமில்லை. நாளுக்குப் பன்னிரண்டு துணி. மழைக்காலத்தில் காயாது. துவைத்த நேரத்தை வீட்டுக் கணக்கில் யாரும் எழுதவில்லை.

1972இல் வீட்டுவேலைக்கு ஊதியம் கேட்டுக் கிளம்பிய பெண்ணிய இயக்கம் எழுதச் சொன்னது அந்த வரியைத்தான். 2023இல் தமிழ்நாட்டுக் குடும்பத்தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் உரிமைத்தொகை தொடங்கியபோது, அந்த வரியின் ஓர் எழுத்து அரசின் ஏட்டில் ஏறியது.

துணியோ டயப்பரோ, அவரவர் விருப்பம். துணி என்றால் அப்பாவும் அலசட்டும். இல்லையேல் அது சிக்கனமல்ல. செலவைப் பெண்ணின் பேரில் எழுதுவது.