பாறைக்குள் தண்ணீர், ஆற்றுக்கு அடியில் சாலை

1910ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நியூயார்க் 47 லட்சத்தைத் தாண்டியிருந்தது. பத்தே ஆண்டுகளில் 13 லட்சம் பேர் கூடியிருந்தார்கள். அத்தனை பேருக்கும் குரோட்டன் ஆற்றுத் தண்ணீர் போதவில்லை. வடக்கே கேட்ஸ்கில் மலைப்பகுதியில் அணை கட்டி, நகர எல்லையை ஒட்டிய ஹில்வியூ நீர்த்தேக்கம் வரை நீரைக் கொண்டுவந்தார்கள். அதை வீடுகளுக்கு எப்படிச் சேர்ப்பது? நெருக்கியடித்துக் கிடந்த தெருக்களுக்கு அடியில் அவ்வளவு பெரிய குழாய்களைப் புதைக்க இடமே இல்லை.

ஆகவே இன்னும் ஆழத்துக்குப் போனார்கள். 200 அடியிலிருந்து 750 அடி ஆழம் வரை கடும்பாறையை வெடிவைத்துக் குடைந்து, சுமார் 18 மைல் நீளத்துக்குச் சுரங்கம் அமைத்து உட்புறம் கான்கிரீட் பூசினார்கள். நீர் அழுத்தத்தைத் தாங்க மேலே இருந்த பாறையின் எடையே துணை நின்றது. ஹில்வியூ மேட்டில் இருப்பதால் பெரும்பாலான இடங்களுக்குப் பம்பு இல்லாமலே தண்ணீர் ஏறியது. இந்த முதலாம் எண் சுரங்கம் 1917இல் பயன்பாட்டுக்கு வந்தது.

பிறகு வந்த சாலைச் சுரங்கத்துக்கு அப்படிப்பட்ட பாறை கிடைக்கவில்லை. மன்ஹாட்டனுக்கும் நியூஜெர்சிக்கும் நடுவே ஹட்சன் ஆறு. அதன் அடியில் ஆழமான வண்டல் சேறு. கார்களும் லாரிகளும் படகுத்துறைகளில் வரிசைகட்டி நின்ற அந்தக் காலத்தில், 1920 அக்டோபரில் ஆற்றுக்கு அடியில் சாலைச் சுரங்கம் தோண்டும் வேலை தொடங்கியது. தலைமைப் பொறியாளர் கிளிஃபோர்ட் ஹாலந்து.

பிரமாண்டமான இரும்புக் கவசத்தை நீரியல் ஜாக்கிகளால் சேற்றுக்குள் தள்ளி, பின்னாலேயே வார்ப்பிரும்பு வளையங்களைப் பொருத்தினார்கள். ஆறு உள்ளே பாயாமல் தடுத்தது அழுத்தக் காற்று. அதற்குள் உழைத்தவர்கள் வெளியே வரும்போது அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். அவசரப்பட்டால் இரத்தத்தில் நைட்ரஜன் குமிழியிட்டு, மூட்டுகள் துடிக்கும்; உயிரும் போகலாம். அழுத்தம் கூடக்கூட வேலை நேரத்தைக் குறைத்தார்கள்.

உண்மையான சோதனை புகையில் இருந்தது. மின்சார ரயிலுக்கு இந்தத் தொல்லை இல்லை. மோட்டார் வண்டி கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை. மனிதர் எவ்வளவு தாங்குவார் என்று யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். பிட்ஸ்பர்க் அருகே ஒரு சுரங்கத்துக்குள் கார்களை ஓட்டி அளந்து பார்த்தார்கள். கிடைத்த தீர்வு அற்புதமானது: சாலைக்குக் கீழிருந்து புதுக்காற்று வரும், கூரை வழியே நச்சுக்காற்று போகும். நான்கு கட்டடங்களில் 84 ராட்சத விசிறிகள். 90 விநாடிகளில் சுரங்கக் காற்று முழுவதும் மாறிவிடும். பிற்காலத்தில் உலகெங்கும் பல சாலைச் சுரங்கங்கள் இம்முறையைப் பின்பற்றின.

இரு கரைகளிலிருந்தும் வந்த சுரங்கங்கள் சந்திக்க இரண்டே நாள் இருந்தபோது, 1924 அக்டோபர் 27 அன்று ஹாலந்து 41 வயதில் மாரடைப்பால் இறந்தார். அடுத்துப் பொறுப்பேற்ற மில்டன் ஃப்ரீமனும் சில மாதங்களில் காலமானார். காற்றோட்ட முறையை வடிவமைத்த ஓலே சிங்ஸ்டாட்தான் வேலையை முடித்தார்.

1927 நவம்பர் 13இல் சுரங்கம் திறந்தது. கட்டணம் 50 சென்ட். முதல் நாளே ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான வண்டிகள் ஓடின. அதற்கு ஹாலந்தின் பெயரைச் சூட்டியது நியாயமே. ஆனால், இந்த வேலையில் உயிரிழந்த பத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களும் அதே அளவுக்கு நினைக்கப்பட வேண்டியவர்கள்.